இருந்தும் இல்லாத இரும்பு
நாள்பட்ட அழற்சியும் இரத்தச்சோகையும்

முன்னுரை

வெளிறிய முகம் ஒன்றைக் கண்டால் நம் இல்லங்களில் உடனே எழும் அறிவுரைகள் சில உண்டு. பேரீச்சம்பழம் உண்ணச் சொல்வார்கள். ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கி வருவார்கள். முருங்கைக் கீரை சமைப்பார்கள். மருந்துக் கடையிலிருந்து சத்து டானிக் ஒரு புட்டி வந்து சேரும். அன்பினால் பிறக்கும் இவ்வறிவுரைகள் பலருக்கு நன்மை தருவதும் உண்மையே. ஆயினும் இவையனைத்தும் பொய்த்துப் போகும் இரத்தச்சோகை ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தாயார் அறுபது வயதைக் கடந்தபோது அவருடைய கைவிரல் மூட்டுகளில் வலி தொடங்கியது. ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்தால், ஒளுச் செய்வதற்குத் தண்ணீர்க் குழாயைத் திருக விரல்கள் மடங்கா. முதுமையின் இயல்பு என்று நாங்கள் எண்ணினோம். நாளடைவில் சோர்வும் மூச்சிரைப்பும் சேர்ந்தன. குருதியைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8.9 கிராம் என்று வந்தது. எட்டு மாதங்கள் இரும்புச்சத்து மாத்திரைகள் தந்தோம். மறுபடியும் சோதித்தபோது 9.1. மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்றும், உணவில் அக்கறை இல்லை என்றும் பிள்ளைகளாகிய நாங்களே அவர்மீது குறை கூறினோம். அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை.

பின்னர் அவரைப் பரிசோதித்த மருத்துவர் ஒருவர், முதலில் அவருடைய விரல்களைப் பற்றிப் பார்த்தார். அதன் பிறகே இரத்த அறிக்கையைக் கையில் எடுத்தார். “உங்கள் தாயாரின் உடம்பில் இரும்பு இல்லாமல் இல்லை, அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது” என்றார். அந்த ஒரு தொடரின் பொருளை விளங்கிக்கொள்ள முயன்றதன் பயனே இக்கட்டுரை. தமிழ் பயிற்றுவிப்போர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நம் உடலைப் பற்றிய அறிவு நம் மொழியில் நமக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதற்கு விடை.

சோகையும் அதன் அளவும்

இரத்தச்சோகையைச் சித்த மருத்துவம் பாண்டு என்று வழங்கும். காய்ந்து வெளுத்த கரும்பின் இலைக்கும் சோகை என்னும் பெயர் உழவரிடையே உண்டு. அவ்வெளுப்பைக் கண்டோர்க்கு நோயின் தோற்றம் எளிதில் புலப்படும். இக்கால மருத்துவம் அதனை எண்ணால் அளக்கிறது. 100 மில்லி லிட்டர் குருதியில் ஆடவர்க்கு 13 கிராமுக்கும், பெண்டிர்க்கு 12 கிராமுக்கும், கருவுற்ற மகளிர்க்குப் பொதுவாக 11 கிராமுக்கும் ஹீமோகுளோபின் குறையுமானால் அது இரத்தச்சோகை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் இது 53.4 விழுக்காடு. இவர்களுள் பெரும்பகுதியினர்க்கு உணவில் இரும்பு போதாமையும் மாதவிடாய்க் குருதியிழப்பும் முதன்மைக் காரணங்களாகும். இவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கைகண்ட மருந்து. எனினும் சோகை என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். காய்ச்சலுக்குக் காரணம் பலவாதல் போலச் சோகைக்கும் காரணம் பலவாகும். அவற்றுள் இரும்புக் குறைவுக்கு அடுத்தபடியாக உலகில் மிகுதியாகக் காணப்படுவது நாள்பட்ட அழற்சியால் விளையும் சோகையே.

குருதியில் இரும்பின் பயணம்

இதனை அறிந்துகொள்ள முதலில் நம் உடலில் இரும்பு எவ்வாறு வாழ்கிறது என்பதைக் காண்போம். வளர்ந்த ஒருவருடைய உடலில் உள்ள இரும்பு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் வரையே. ஒரு சிறிய ஆணியின் எடை எனலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு செவ்வணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் அடங்கியுள்ளது. நாம் மூச்சில் வாங்கும் ஆக்சிஜனைப் பற்றி, உடலெங்கும் சுமந்து செல்வது அந்த இரும்பே.

ஒரு செவ்வணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்கள். முதிர்ந்த செவ்வணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் உட்கொண்டு சிதைக்கின்றன. சிதைத்து, உள்ளிருந்த இரும்பைப் பிரித்தெடுத்து, மீண்டும் குருதிக்கு வழங்குகின்றன. டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் அதனைச் சுமந்து எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கே புதிய செவ்வணுக்கள் பிறக்கின்றன.

மஜ்ஜைக்கு நாள்தோறும் 20 முதல் 25 மில்லி கிராம் இரும்பு தேவைப்படுகிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து குடல் உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லி கிராம் மட்டுமே. எஞ்சியது அனைத்தும் பழைய செவ்வணுக்களிலிருந்து மீட்கப்படும் இரும்பு. ஆகவே நம் குருதி நாள்தோறும் உயிர்த்திருப்பது உணவு இரும்பைக் காட்டிலும் மீட்ட இரும்பினாலேயே ஆகும். மற்றொன்றும் நோக்கத்தக்கது. எந்த ஒரு நேரத்திலும் குருதியோட்டத்தில் பயணம் செய்துகொண்டிருக்கும் இரும்பு ஏறத்தாழ 3 மில்லி கிராம் அளவினதே. வரத்து நின்றால் சில மணி நேரத்திலேயே அது வற்றத் தொடங்கும்.

அழற்சி என்பது யாது?

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இதுவே அழற்சி. அழல் என்றால் நெருப்பு. அப்பெயர் மிகப் பொருத்தமானது. நுண்கிருமிகளையும் காயத்தையும் எதிர்கொள்ள உடல் மேற்கொள்ளும் தற்காப்புச் செயல் அது. முள் நீங்கிப் புண் ஆறியதும் அழற்சி தானே தணிந்துவிடும்.

சில நோய்களிலோ அந்நெருப்பு தணிவதில்லை. காசநோயில் கிருமி மாதக்கணக்கில் உடலில் தங்கியிருப்பதால் அழற்சியும் தொடர்கிறது. முடக்குவாத மூட்டழற்சியில் உடலின் காவற்படை தன் மூட்டுகளையே பகையென்று பிழைபட உணர்ந்து தாக்குகிறது. குடல் அழற்சி நோய்கள், லூபஸ், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு, ஆறாத நீரிழிவுப் புண் ஆகியவற்றிலும் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். வெளியே சிவப்பும் வீக்கமும் தெரியாமல் உள்ளே கனன்றுகொண்டிருப்பதும் உண்டு. இவ்வாறு நீடிக்கும் அழற்சியுடன் சோகையும் வந்து சேர்கிறது.

விடை தேடிய வரலாறு

காசநோயாளர் வெளிறிப் போவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களே கண்டிருந்தனர். எனினும் அதற்குரிய விளக்கம் அவர்களுக்குக் கிட்டவில்லை. 1940களிலும் 1950களிலும் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாக்ஸ்வெல் வின்ட்ரோப், ஜார்ஜ் கார்ட்ரைட் ஆகிய இருவரும் இதனை முறையாக ஆராய்ந்தனர். இந்நோயாளர்களின் குருதியோட்டத்தில் இரும்பு குறைந்திருந்தது. சேமிப்பிடங்களிலோ இரும்பு இருந்தது. களஞ்சியத்தில் நெல் இருக்கச் சந்தையில் பஞ்சம் நிலவியது போன்ற இம்முரண்பாட்டின் காரணம் மேலும் அரை நூற்றாண்டுக்குப் புலப்படவில்லை.

2000ஆம் ஆண்டில் ஜெர்மன் ஆய்வாளர்கள் மனிதக் குருதியின் வடிநீரிலிருந்தும், 2001ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டோமஸ் கான்ஸ் குழுவினர் சிறுநீரிலிருந்தும் ஒரு சிறிய புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அது வெறும் 25 அமினோ அமிலங்களால் ஆனது, கல்லீரலில் உருவாவது. கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இருப்பதாகக் கண்டதால், கல்லீரலையும் கொல்லுதலையும் குறிக்கும் இரு சொற்பகுதிகளை இணைத்து ஹெப்சிடின் என்று கான்ஸ் குழுவினர் பெயரிட்டனர். அதன் தலையாய தொழில் வேறொன்று என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

அதே 2001இல் பாரிஸ் நகர ஆய்வாளர்கள், ஹெப்சிடின் சுரக்காத எலிகளின் உடலில் இரும்பு அளவின்றிக் குவிவதைக் கண்டனர். மறு ஆண்டு, பிறவியிலேயே ஹெப்சிடின் மிகுந்த எலிகளைத் தோற்றுவித்தபோது அவை கடுமையான சோகையுடன் பிறந்தன. 2002இல் மனிதரிடத்தும் சான்று கிடைத்தது. கல்லீரலில் ஒருவகைக் கட்டி உடைய நோயாளர் சிலருக்கு எந்த இரும்பு மருந்துக்கும் இணங்காத சோகை இருந்தது. கட்டியை அகற்றியதும் சோகை நீங்கியது. அக்கட்டிகள் ஹெப்சிடினை மிகுதியாக உருவாக்கிக் கொண்டிருந்தன. அரை நூற்றாண்டுப் புதிர் இவ்வாறு அவிழத் தொடங்கியது.

பூட்டப்பட்ட வாயில்

இரும்பைச் சேர்த்து வைத்திருக்கும் அணுக்களின் சுவரில் ஒரு வாயில் உண்டு. அதன் பெயர் ஃபெரோபோர்டின். இரும்பு வாயில் என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். விழுங்கணுக்கள் மீட்ட இரும்பு குருதிக்கு வருவதும், குடல் அணுக்கள் உறிஞ்சிய இரும்பு குருதிக்கு வருவதும் இவ்வாயில் வழியேதான். 2004ஆம் ஆண்டு எலிசபெட்டா நெமத்தும் அவருடன் ஆய்ந்தோரும் ஹெப்சிடினின் செயலைத் துலக்கினர். ஹெப்சிடின் இவ்வாயிலில் சென்று ஒட்டிக்கொள்கிறது. உடனே அணு அவ்வாயிலையே உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது. பூட்டியது மட்டுமன்றிக் கதவையே பெயர்த்துவிட்டுச் சுவர் எழுப்பியது போன்றதாகும் இது.

உடலில் இரும்பு மிகும்போது ஹெப்சிடின் கூடுவதும், குறையும்போது ஹெப்சிடின் குறைவதும் இயல்பான நிலை. அழற்சி இவ்வொழுங்கைக் குலைக்கிறது. அழற்சியின்போது வெளியாகும் இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப் புரதம் கல்லீரலைச் சென்றடைந்து ஹெப்சிடினைப் பெருக்குகிறது. 2004இல் தன்னார்வலர்களுக்கு இப்புரதத்தைச் செலுத்திப் பார்த்தபோது, இரண்டே மணி நேரத்தில் சிறுநீரில் ஹெப்சிடின் பன்மடங்கு உயர்ந்தது. குருதியில் இரும்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது.

இப்போது என் தாயாரின் எட்டு மாத மாத்திரைகளுக்கு நேர்ந்தது என்ன என்பது விளங்கும். விழுங்கணுக்களில் இரும்பு சிறைப்பட்டிருந்தது. குடலின் வாயிலும் அடைபட்டிருந்தது. விழுங்கிய மாத்திரையின் இரும்பில் மிகச் சிறு பகுதியே குருதியை அடைந்திருக்கும். எஞ்சியது மலத்தைக் கறுக்கச் செய்தும் மலச்சிக்கலைத் தந்தும் வெளியேறிற்று. அவர் மாத்திரையை ஒழுங்காகவே விழுங்கியிருக்கிறார். பிழை அவருடையதன்று.

ஏனைய இரு காரணங்கள்

இரும்பின் சிறை முதன்மைக் காரணம். அதுவே முழுக் காரணம் அன்று. செவ்வணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயிட்டின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கிறது. குருதியில் ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து இதனைக் கூட்டுவது இயல்பு. அழற்சியின்போது வெளியாகும் தூதுப் புரதங்கள் இச்சுரப்பை மட்டுப்படுத்துகின்றன. சுரந்த ஹார்மோனுக்கு மஜ்ஜை செவிசாய்ப்பதையும் தடுக்கின்றன. சோகையின் அளவுக்கேற்ற உற்பத்தி அதனால் நிகழ்வதில்லை.

அழற்சியால் கிளர்ச்சியுற்ற விழுங்கணுக்கள் செவ்வணுக்களை அவற்றின் காலம் முடியுமுன்பே உட்கொள்வது மற்றொரு காரணம். ஆகவே பிறப்புக் குறைகிறது, வாழ்நாளும் சுருங்குகிறது. இவையெல்லாம் சேர்ந்து பெரும்பாலோர்க்கு மிதமான சோகையைத் தருகின்றன. ஹீமோகுளோபின் 8 முதல் 11 கிராம் வரை இறங்கி அங்கேயே நிற்பது இதன் வழக்கம். செவ்வணுக்கள் பெரும்பாலும் இயல்பான பருமனிலேயே இருக்கும்.

நாள்பட்ட சிறுநீரக நோயில் இம்மூன்றும் கடுமையாகின்றன. ஹார்மோனைச் சுரக்க வேண்டிய உறுப்பே பழுதுற்றிருக்கிறது. ஹெப்சிடினை வெளியேற்றும் வழியும் அடைபடுகிறது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள முதியோர்க்குச் சோகை தோன்றினால் சிறுநீரகத்தைச் சோதிக்க மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேயே.

உடல் ஏன் இவ்வாறு செய்கிறது?

தன் மஜ்ஜையைத் தானே பட்டினி போடும் இச்செயல் பேதைமையன்றோ என்று எண்ணத் தோன்றும். இங்கு நம் இலக்கியம் ஒரு விளக்கம் தருகிறது. புறத்திணைகளுள் நொச்சி என்பது மதிலைக் காத்தல். புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித் திணையாகவே கொள்ளும். பகைவர் கோட்டையை வளைத்திருக்கும்போது களஞ்சியத்தின் கதவைத் திறந்து வைக்க எவரும் துணியார். ஒரு மணி நெல்லும் பகைவர் கைக்குச் செல்லலாகாது.

நுண்கிருமிகளும் இரும்பின்றிப் பெருக இயலாதவை. கிருமி நுழைந்ததும் உடல் குருதியிலுள்ள இரும்பை அள்ளிக் களஞ்சியத்துள் இட்டுப் பூட்டுகிறது. நாம் சோர்வதற்கு முன் கிருமி சோர வேண்டும் என்பதே நோக்கம். இதன் உண்மையைக் காட்டும் நிகழ்ச்சிகள் உண்டு. 1978ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சோமாலிய நாடோடி மக்களுள் இரும்புக் குறைவுடையோர் 138 பேரில் 71 பேர்க்கு இரும்பும் 67 பேர்க்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. வெற்று மாத்திரை பெற்றோரிடையே தொற்றுநோய்கள் 7 முறையும், இரும்பு பெற்றோரிடையே 36 முறையும் தோன்றின. மலேரியா மிகுந்த சான்சிபார் பகுதியின் பெம்பா தீவில் இளங்குழந்தைகளுக்கு நாள்தோறும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் தந்தபோது, நோய் முற்றி மருத்துவமனை சேர்ந்தோரும் இறந்தோரும் கூடியதால் அவ்வழங்கல் நிறுத்தப்பட்டது. இம்முடிவு 2006இல் வெளியாயிற்று. மலேரியாப் பகுதிகளில் நோய்த் தடுப்புடன் இணைத்தே இரும்பு தரவேண்டும் என்னும் நெறி பின்னர் வகுக்கப்பட்டது.

சில நாள் முற்றுகைக்கு இவ்வேற்பாடு அறிவுடையது. முற்றுகை ஆண்டுக்கணக்கில் நீண்டால் உள்ளிருக்கும் குடிகளே பசியால் மெலிவர். பகைவரே இல்லாத நிலையில் காவலர் தவறாக முரசு அறைந்தால் நிலைமை இன்னும் கொடிது. முடக்குவாதத்தில் நிகழ்வது இதுவே. ஆதலின் இச்சோகைக்கு உரிய மருத்துவம், வெளியிலிருந்து மேலும் நெல் மூட்டைகளைக் கொணர்ந்து கோட்டை வாயிலில் குவிப்பதன்று. முற்றுகையை நீக்குவதே ஆகும்.

வேறுபடுத்தி அறிதல்

இரும்புக் குறைவுச் சோகை, அழற்சிச் சோகை ஆகிய இரண்டிலும் ஹீமோகுளோபின் குறையும்; குருதியோட்டத்தில் இரும்பும் குறையும். இவ்விரண்டை மட்டும் நோக்கினால் பிழை நேரும். இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் புரதத்தின் அளவே வேறுபாட்டைக் காட்ட வல்லது. இரும்பு உண்மையிலேயே தீர்ந்திருந்தால் ஃபெரிட்டின் தாழ்ந்திருக்கும். சுமக்கும் புரதமாகிய டிரான்ஸ்ஃபெரின் உயர்ந்திருக்கும். அழற்சிச் சோகையில் ஃபெரிட்டின் இயல்பாகவோ உயர்ந்தோ இருக்கும், டிரான்ஸ்ஃபெரின் தாழ்ந்திருக்கும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. அழற்சி தானே ஃபெரிட்டினை உயர்த்தும் தன்மையது. ஆகவே இரண்டு சோகையும் ஒருங்கே இருப்பவர்க்கு ஃபெரிட்டின் இயல்பாகத் தோன்றி நம்மை ஏமாற்றலாம். இதனைக் கருதியே உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு நெறிமுறையில், நலமுள்ள வளர்ந்தோர்க்கு லிட்டருக்கு 15 மைக்ரோ கிராம் என்றிருக்கும் எல்லையை, தொற்றோ அழற்சியோ உடையவர்க்கு 70 என்று உயர்த்திக் கூறியது. அழற்சியின் அளவைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் உடன் சோதிப்பது இதற்கு உதவும்.

என் தாயார்க்கு ஃபெரிட்டின் 240 இருந்தது. சி-ரியாக்டிவ் புரதம் இயல்பைப் போலப் பன்மடங்கு. முடக்குவாதம் என்பதை மற்றச் சோதனைகள் உறுதி செய்தன. காலை நேரத்தில் ஒரு மணிக்கு மேல் நீடித்த விரல் இறுக்கத்தை நாங்கள் முதுமை என்று ஒதுக்கியிருந்தோம். இரத்த அறிக்கையில் இருந்த 8.9 என்ற எண் அதனைத்தான் எங்களுக்குச் சுட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் எண்ணைத் திருத்த முயன்றோம். அது சுட்டிய இடத்தை நோக்கவில்லை.

மருத்துவம்

மூல நோயை நீக்குதலே முதல் மருத்துவம். காசநோய்க்கு உரிய மருந்துகளை முழுக் காலமும் உட்கொண்டால், பலர்க்குத் தனியே இரும்பு தராமலே சில மாதங்களில் ஹீமோகுளோபின் உயர்கிறது. முடக்குவாதத்தில் அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் சோகையையும் தணிக்கின்றன. இன்டர்லூக்கின்-6இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்தைச் செலுத்தும்போது ஹெப்சிடின் தாழ்ந்து ஹீமோகுளோபின் உயர்வது, மேலே கூறிய விளக்கத்துக்கு வாழும் சான்றாகும்.

மூல நோயை முற்றும் நீக்க இயலாத இடங்களில் வேறு வழிகள் உண்டு. எரித்ரோபொயிட்டினைத் தூய நிலையில் முதன்முதலாகப் பிரித்தெடுக்க 2,550 லிட்டர் மனிதச் சிறுநீர் தேவைப்பட்டது. ஜப்பானிய அறிஞர் தகாஜி மியாகே சேர்த்த அச்சிறுநீரிலிருந்து, யூஜின் கோல்ட்வாசர் சிக்காகோவில் 1977இல் அதனைப் பிரித்தார். 1989 முதல் அது ஊசி மருந்தாகச் சிறுநீரக நோயாளர்க்குப் பயன்பட்டு வருகிறது. ஆயினும் ஹீமோகுளோபினை முழு இயல்பு நிலைக்கு உயர்த்த முனைவதால் தீங்கு விளையலாம் என்று 2006ஆம் ஆண்டு ஆய்வுகள் எச்சரித்தன. இன்று அளவறிந்தே தரப்படுகிறது. சிலர்க்கு நரம்பு வழியே இரும்பு செலுத்துவது பயன் தரும்; கடும் தொற்று உள்ளபோது அதனைத் தவிர்ப்பர். இவையெல்லாம் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

நாம் கருத்திற் கொள்ள வேண்டியவை

இக்கட்டுரையைப் படித்துவிட்டு இரும்பு மாத்திரை வீண் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. கருவுற்ற மகளிரும் வளரிளம் பெண்களும் அரசு நலவாழ்வு நிலையங்கள் வழங்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ள வேண்டும். அவர்களிடையே இரும்புக் குறைவு மெய்யானது. பேறுகாலத்தில் உயிர் காப்பது.

சில வாரங்கள் முறையாக இரும்பு உட்கொண்டும் ஹீமோகுளோபின் உயரவில்லையாயின், மாத்திரையை மாற்றிக்கொண்டே இருத்தல் தகாது. காரணத்தைத் தேட வேண்டும். நீங்காத காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், உடல் மெலிவு, காலை நேர மூட்டு இறுக்கம், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, கால் வீக்கம், ஆறாத புண் ஆகியவற்றுள் எது இருப்பினும் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். வலி நிவாரணி மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்ளும் மூட்டு நோயாளர்க்கு இரைப்பையில் குருதி கசிந்து, மெய்யான இரும்புக் குறைவும் சேர்ந்து கொள்ளலாம். முதியோர்க்குப் புதிதாகத் தோன்றும் சோகையை வயதின் மேல் ஏற்றிவிடுவதும் பெரும்பிழை. குடலில் ஒளிந்திருக்கும் குருதிக் கசிவையோ புற்றுநோயையோ அது உணர்த்தலாம்.

முடிவுரை

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் நோயின் முதலைத் தேட வேண்டும் என்பதை வற்புறுத்துகிறார். நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். உடலை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று கருதும் நமக்கு, அவ்வுடல் தரும் அறிகுறிகளைப் பொருளுணர்ந்து படிப்பதும் கடமையாகிறது. வெளிறிய முகம் ஓர் அறிவிப்பு. அதற்கு மேலே சாயம் பூசினால் அறிவிப்பு மறையும். அறிவித்த செய்தி மறையாது.

முடக்குவாதத்துக்கான மருந்து தொடங்கிய ஆறாம் மாதத்தில் என் தாயாரின் ஹீமோகுளோபின் 11.4 ஆயிற்று. இரும்பு மாத்திரை ஒன்றும் அப்போது அவர் உட்கொள்ளவில்லை. சோதனைத் தாளை அவர் கையில் கொடுத்தபோது, “நான் மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிட்டேன், வாப்பா” என்று மட்டும் சொன்னார். எட்டு மாதங்கள் அவர் உள்ளத்தில் பூட்டி வைத்திருந்த சொல் அது. உணவில் அக்கறை இல்லை, மருந்தை ஒழுங்காக உண்பதில்லை என்று நம் வீட்டுப் பெண்களையும் முதியோரையும் கடிந்துகொள்ளுமுன், இரும்பு வரவில்லையா, வந்தும் பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை வினவுவோம். அவ்வினா நோயாளியின் உடல் நலத்தைக் காக்கும். அவர் மனத்தையும் காக்கும்.